குறைந்த செலவில் மத்திய தரைக்கடல் வீட்டுச் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய தரைக்கடல் உணவு இதயத்துக்கு நல்லது என்று படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் சால்மன், பைன் கொட்டை, பாட்டில் பாட்டிலாக ஆலிவ் எண்ணெய் என்று கூடையை நிரப்புகிறார்கள். பில்லைப் பார்த்ததும் அந்த யோசனையே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கடலோர நாடுகளின் வீடுகளில் அன்றாடம் அடுப்பில் ஏறுவது வேறு. அதை வைத்துத்தான் கீழே உள்ள பதில்கள்.

இது வசதியானவர்களின் சாப்பாடு இல்லையா?

இல்லை, ஏழைகளின் சாப்பாடு. இரண்டாம் உலகப் போரில் கிரீஸ் நொந்துபோயிருந்த நேரம். 1948-இல் கிரீட் தீவு மக்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஓர் ஆய்வு நடத்தியது. தானியம், பயறு, காட்டுக்கீரை, உருளைக்கிழங்கு, பழம், ஆலிவ், ஆலிவ் எண்ணெய்: பெரும்பாலும் இவ்வளவுதான் தட்டில் இருந்தது. இறைச்சி எப்போதாவது. பிடித்த உணவு எது என்று கேட்டால் பலரும் இறைச்சி என்றுதான் சொன்னார்கள். இன்று ஆரோக்கிய உணவு என்று கொண்டாடப்படுவதை அவர்கள் தேடிப்போய்த் தேர்ந்தெடுக்கவில்லை. வயலிலும் மலையிலும் கிடைத்ததை வைத்துச் சமைத்தார்கள்.

அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் 1958-இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில், கிரீட் தீவு ஆண்களிடையே மாரடைப்புச் சாவு மிகக் குறைவாக இருந்தது தெரியவந்தது. அதன் பிறகுதான் உலகம் அந்தத் தட்டைக் கவனித்தது. அவர்கள் நாள் முழுக்க மலைச்சரிவில் உழைத்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; எல்லாப் புகழும் கஞ்சிக் கலயத்துக்கே போய்விடக் கூடாது. கீஸ் பின்னாளில் தென் இத்தாலியில் சிலெந்தோ கடற்கரையில் பியோப்பி என்ற சின்ன ஊரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 2004-இல் இறந்தபோது அவருக்கு வயது 100.

இன்று இந்தப் பெயரில் விற்கும் பொருட்களில் பாதிக்கு அந்தக் கடலோடு சம்பந்தமே இல்லை. சால்மன் வடக்குக் கடல்களின் மீன். குயினோவா ஆண்டிஸ் மலையிலிருந்து வந்தது, அவகாடோ மெக்சிகோவிலிருந்து. (தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் அது வந்து சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன, இனி அனுப்பி வைக்க முடியாது.)

எந்த நாட்டுச் சமையலை எடுத்துக்கொள்வது?

கையில் கிடைக்கிற பொருளுக்கு எது ஒத்துவருகிறதோ அதை. யுனெஸ்கோ 2010-இல் இந்த உணவு மரபைப் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலிட்டபோது ஸ்பெயின், கிரீஸ், இத்தாலி, மொராக்கோ ஆகிய நான்கும் இருந்தன. 2013-இல் சைப்ரஸ், குரோவேஷியா, போர்ச்சுகல் சேர்ந்தன. போர்ச்சுகலுக்கு அந்தக் கடலில் கரையே கிடையாது என்பது வேடிக்கை. பட்டியலில் இல்லாத எகிப்து, லெபனான், துனிசியா, துருக்கி நாடுகளில்தான் செலவு குறைந்த அருமையான பயறு உணவுகள் நிறைய இருக்கின்றன. எகிப்தின் கோஷரியைப் பாருங்கள்: சோறு, மசூர் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே காரமான தக்காளிச் சாறும் முறுகலாகப் பொரித்த வெங்காயமும். எல்லாமே அலமாரிச் சரக்கு. லெபனானின் முஜத்தரா இன்னும் எளிது. அரிசியும் முழு மசூரும் ஒன்றாக வேகும், மேலே நிறைய வெங்காயம் நன்றாகக் கருகும் நிலை வரை வதங்கியிருக்கும்.

வாங்கும்போது பணத்தை எதில் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது?

வயிற்றை நிரப்புவது பயறும் தானியமும். கொண்டைக்கடலை, தோல் நீக்காத மசூர், வெள்ளை பீன்ஸ், அரிசி, பாஸ்தா, உடைத்த கோதுமை எல்லாம் பெரிய பையாக வாங்கினால் மலிவு, கெட்டும் போகாது. அடுத்து அந்தந்தப் பருவத்தின் காய், கீரை. வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, டின் தக்காளி எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். இவை இருந்தால் கடைக்குப் போகாமலே இரண்டு நாள் ஓட்டலாம்.

பணம் போட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, எண்ணெய். இறைச்சி, சீஸ், கொட்டைகள் எல்லாம் கொஞ்சமாக, வாசனைக்கு. எண்ணெய்க்கு அஞ்சி அதைச் சுருக்கிவிட்டு, அந்தக் காசில் சீஸும் பதப்படுத்திய இறைச்சியும் வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். ருசிக்கும் கேடு, பர்ஸுக்கும் கேடு.

ஆலிவ் எண்ணெய் இவ்வளவு விலை விற்கிறதே, எப்படிச் சமாளிப்பது?

விலை ஏறியதற்குக் காரணம் உண்டு. உலகிலேயே அதிக ஆலிவ் எண்ணெய் எடுக்கும் நாடு ஸ்பெயின். 2022-லும் 2023-லும் அங்கே கடும் வறட்சி. 2022 இறுதியில் தொடங்கிய பருவத்தில் உற்பத்தி முந்தைய பருவத்தில் பாதிக்கும் கீழே போனது. விலை எங்கும் எகிறியது. பிறகு மழையும் அறுவடையும் திரும்பியதும் கொஞ்சம் இறங்கியது. இந்த எண்ணெயின் விலை மழையைப் பொறுத்தே ஆடும். குறைந்திருக்கும் நேரத்தில் பெரிய தகர டின்னாக வாங்கிவைப்பது புத்திசாலித்தனம். ஆனால் ஒரு வருடத்துக்குள் தீர்ந்துவிடும் அளவுக்கு மட்டும். இது வைக்க வைக்கச் சுவை கூடும் பொருள் இல்லை. வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் இதற்கு ஆகாது. அடுப்புக்குப் பக்கத்தில் கண்ணாடி பாட்டிலில் அழகாக வைப்பது பாழாக்கும் வழி. பெரிய டின்னைத் திறந்ததும் சின்ன, இருட்டுநிற பாட்டிலுக்கு மாற்றி, மீதியை இறுக மூடி நிழலில் வைத்துவிடுங்கள்.

லேபிளில் பார்க்க வேண்டியவை சில உண்டு. எக்ஸ்ட்ரா விர்ஜின் என்றால் பிழிந்து எடுத்தது; அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. விர்ஜின் என்றால் 2 சதவீதம் வரை. வெறும் 'ஆலிவ் எண்ணெய்' என்று போட்டிருந்தால் அது சுத்திகரித்த எண்ணெயில் கொஞ்சம் விர்ஜின் கலந்தது. 'லைட்' என்று எழுதியிருப்பது நிறமும் மணமும் குறைவு என்பதற்காக மட்டுமே. கொழுப்பு அதே அளவுதான். அறுவடைத் தேதி போட்டிருக்கும் பாட்டில் கிடைத்தால் அதையே எடுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் உறைய வேண்டும், அப்போதுதான் அசல் என்று ஒரு சோதனை சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம். அசலும் உறையாமல் இருக்கும், கலப்படமும் உறையும்.

இரண்டு எண்ணெய் வைத்துக்கொள்வது நல்ல வழி. அடுப்பில் வதக்குவதற்கு மலிவான ஆலிவ் எண்ணெய் அல்லது வேறு தாவர எண்ணெய். இறக்கிய பிறகு மேலே ஊற்ற நல்ல எக்ஸ்ட்ரா விர்ஜின், ஆளுக்கு ஒரு தேக்கரண்டி. மணம் முழுவதும் அந்த ஒரு தேக்கரண்டியில்தான் இருக்கிறது, சூட்டில் வீணாகாமல் நேராக மூக்குக்கு வரும்.

ஆலிவ் எண்ணெய் இல்லாமலே முடியாதா?

முடியும். பிரான்சின் லியோன் நகரில், முதல் மாரடைப்பு வந்தவர்களைக் கொண்டு நடந்து 1990-களில் வெளியான பெயர்பெற்ற ஆய்வில், நோயாளிகளுக்கு வெண்ணெய்க்குப் பதிலாகக் கொடுத்தது கனோலா வகை எண்ணெயில் செய்த மார்ஜரின். பலன் தெளிவாகத் தெரிந்தது. பயறும் காயும் தானியமும் தட்டில் இருந்து, எண்ணெய் மட்டும் வேறாக இருந்தால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டியதில்லை. ருசி மாறும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேகவைத்த கீரைமேல் ஊற்ற ஆலிவ் எண்ணெய்க்கு நிகரானது எனக்குத் தெரிந்து இல்லை.

அதைச் சூடாக்கினால் நஞ்சாகிவிடும் என்கிறார்களே?

எக்ஸ்ட்ரா விர்ஜின் சுமார் 190 முதல் 210 டிகிரி செல்சியஸில்தான் புகையத் தொடங்கும். வீட்டில் பொரிப்பது 170, 180 டிகிரியில். அந்த நாடுகளில் தலைமுறை தலைமுறையாக இதில்தான் பொரிக்கிறார்கள். புகைய விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பயறை உலர்ந்ததாக வாங்குவதா, டின்னிலா?

காசுக்கு உலர்ந்தது, நேரத்துக்கு டின். டின்னில் சத்து பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. உப்பு அதிகம், அவ்வளவுதான். வடிகட்டிக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசினால் அதில் கணிசமான பங்கு போய்விடும். வேலை முடிந்து களைத்து வந்து பசியோடு நிற்கும் நாளுக்கென்று இரண்டு டின் அலமாரியில் இருக்கட்டும். வெளியே ஆர்டர் செய்வதைவிட அது எவ்வளவோ மலிவு.

உலர்ந்ததை வேகவைக்க: கொண்டைக்கடலை இரவு முழுக்க, சுமார் 12 மணி நேரம், தாராளமான தண்ணீரில் ஊற வேண்டும். ஊறும் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு போட்டால் தோல் இளகும். கடின நீர் உள்ள இடங்களில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் உதவும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் வைத்தால் 20 நிமிடம் போல ஆகும். பழைய சரக்கானால் இன்னும் கூட. தக்காளி, எலுமிச்சை, வினிகர் எதையும் வெந்த பிறகே சேர்க்க வேண்டும். புளிப்பு முன்னால் சேர்ந்தால் பயறு கல்லாகவே நிற்கும். வருடக்கணக்கில் கிடந்த பயறு என்ன செய்தாலும் வேகாது, அதோடு சண்டை போட்டு எரிவாயுவை வீணாக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவை அரைவேக்காடாகச் சாப்பிட்டால் கடுமையான வாந்தி வரும். அதில் உள்ள லெக்டின் என்ற புரதம்தான் காரணம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதித்தே ஆக வேண்டும். மெதுவாக வேகும் மின்பானையில் நேரடியாகப் போடக் கூடாது. அந்தச் சூடு போதாது.

பயறு சாப்பிட்டால் வாயுத் தொல்லை வருகிறதே?

ஊறிய தண்ணீரைக் கொட்டுவது பாதித் தீர்வு. மீதி, பழக்கம். முதல் வாரமே தினமும் ஒரு கிண்ணம் என்று ஆரம்பிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் குடல் பழகிக்கொள்ளும். மசூர் மற்றவற்றைவிடச் சாது. அதிலிருந்து தொடங்கலாம்.

ஒரு தடவை வேகவைத்த கொண்டைக்கடலையை வைத்து எத்தனை சாப்பாடு தேற்றலாம்?

அரைக் கிலோ உலர்ந்த கடலை வெந்தால் ஒரு கிலோவுக்கு மேல் வரும். வேகவைத்த தண்ணீரையும் கொட்டாதீர்கள், அதுவே சூப்புக்குச் சாறு.

முதல் நாள் இத்தாலியின் பாஸ்தா எ செச்சி. பூண்டும் ரோஸ்மேரியும் எண்ணெயில் வதங்கி, ஒரு கரண்டி தக்காளி விழுது சேர்ந்து, கடலையும் அதன் தண்ணீரும் விழுந்து கொதிக்கும். கடலையில் பாதியை மசித்துவிட வேண்டும். சின்னப் பாஸ்தாவைத் தனியாக வேகவைக்காமல் இதிலேயே போட்டால் மாவுச்சத்து இறங்கிக் கூழாகத் திரளும். ஒரே பாத்திரம். வடிகட்டும் வேலை இல்லை.

மறுநாள் ஸ்பெயினின் தெற்கே செய்வதுபோல் பசலைக்கீரையோடு. பூண்டையும் ஒரு துண்டு பிரெட்டையும் எண்ணெயில் பொரித்து, சீரகம், மிளகாய்த்தூள், கொஞ்சம் வினிகரோடு இடித்து, அதை வெந்த கீரை-கடலையில் கரைக்க வேண்டும். குழம்பு கெட்டிப்படுவது அந்தப் பிரெட்டால்தான். தவக்காலத்தில் இறைச்சி விலக்கிய நாட்களுக்காக அங்கே பிறந்த உணவு வரிசையில் இது ஒன்று.

மூன்றாவதாகத் துனிசியாவின் லப்லாபி. கிண்ணத்தின் அடியில் காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, சீரகமும் பூண்டும் சேர்த்துக் கொதிக்கவைத்த கடலையைச் சாறோடு ஊற்றி, ஹரிசா என்ற மிளகாய் விழுது, எலுமிச்சை, எண்ணெய். மேலே அரைவேக்காட்டு முட்டை ஒன்று இருந்தால் இரவுச் சாப்பாடு ஆயிற்று. இதை அங்கே காலையிலேயே சாப்பிடுகிறார்கள்.

மிச்சம் இருப்பதை எள் விழுதும் எலுமிச்சையும் சேர்த்து அரைத்தால் ஹம்முஸ். கடையில் சின்ன டப்பாவில் விற்பதன் விலையையும் இதையும் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கிரீஸின் சிஃப்னோஸ் தீவில் சனிக்கிழமை இரவு கொண்டைக்கடலையை வெங்காயத்தோடு மண்பானையில் மூடி விறகு அடுப்புக்குள் வைத்துவிடுவார்கள். ஞாயிறு தேவாலயம் முடிந்து வரும்போது எடுத்துச் சாப்பிடுவார்கள். கடலை, வெங்காயம், எண்ணெய், தண்ணீர், பிரியாணி இலை. வேறு ஒன்றும் இல்லை, வேறு ஒன்றும் வேண்டியும் இல்லை.

முதல் தடவை செய்துபார்க்க எளிதான ஒன்று சொல்லுங்கள்.

கிரேக்க வீடுகளின் மசூர் சூப், அங்கே ஃபாக்கேஸ் என்பார்கள். நான்கு பேருக்கு:

முழு மசூர் 250 கிராம், ஊறவைக்கத் தேவையில்லை. கழுவி, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, கறுத்த அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு புதிதாக ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்று, மூன்று பல் பூண்டு, ஒரு கேரட், இரண்டு பிரியாணி இலை. சின்னத் தீயில் அரை மணி நேரம். பருப்பு மெத்தென்று ஆனதும் ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுது, உப்பு, மூன்று அல்லது நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். இன்னும் பத்து நிமிடம், கொஞ்சம் கெட்டியாகும் வரை.

இறக்கிய பிறகு ஒவ்வொருவர் கிண்ணத்திலும் வினிகர், ஒரு தேக்கரண்டியில் தொடங்கி அவரவர் நாக்குக்கு. இதைத் தவறவிடாதீர்கள். வினிகர் இல்லாத ஃபாக்கேஸ் நோயாளிக் கஞ்சிதான். மறுநாள் சூடாக்கினால் இன்னும் நன்றாக இருக்கும்.

காய்கறி விலையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. உறைந்த காய் வாங்கலாமா?

தாராளமாக. பறித்த சில மணி நேரத்தில் உறையவைப்பதால், கடையில் நாலு நாள் வாடிக் கிடந்த காயைவிடச் சத்து குறைவாக இருக்காது. பசலை, பட்டாணி, பச்சை பீன்ஸ் மூன்றும் உறைந்த நிலையில் நன்றாகவே இருக்கும். தக்காளிப் பருவம் முடிந்துவிட்டால் டின் தக்காளிதான் மேல். பருவம் தப்பிய வெளிறிய தக்காளியில் நீரைத் தவிர என்ன இருக்கிறது?

பருவக் காய் மலிந்து குவியும் நேரத்துக்கென்றே கிரேக்கர்களிடம் லாதேரா என்று ஒரு சமையல் வரிசை உண்டு. துருக்கியிலும் இதே முறை. பீன்ஸ், வெண்டை, கத்தரி, சுரைக்காய் வகைகள், உருளை எதுவானாலும் வெங்காயம், தக்காளி, தாராளமான எண்ணெயோடு மூடிவைத்துச் சின்னத் தீயில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் வேகவிடுவது. காய் மொறுமொறுப்பாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை இங்கே விட்டுவிட வேண்டும். குழைந்தால்தான் இனிப்பு வரும். சூடாகச் சாப்பிட வேண்டும் என்பதும் இல்லை, ஆறியதும் ருசி தெளிவாகத் தெரியும். கூட ரொட்டி இருந்தால் அதுவே முழுச் சாப்பாடு. பக்கத்துக்கு வைக்கும் கூட்டாக நினைத்துக் கொஞ்சமாகச் செய்யாதீர்கள். தக்காளியின் சிவப்புச் சத்தான லைகோபீன், எண்ணெயோடு வெந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும் என்பது உபரி லாபம்.

கீரை இன்னும் எளிது. உப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பிழிந்து, மேலே எண்ணெயும் எலுமிச்சையும். எலுமிச்சையின் வைட்டமின் சி, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள உதவுகிறது.

மீன் வாரத்துக்கு இரண்டு முறையாவது வேண்டும் என்கிறார்கள். கட்டுப்படியாகுமா?

பெரிய மீனைத் தேடினால் ஆகாது. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி என்று சின்ன மீனைத் தேடினால் ஆகும். ஒமேகா-3 கொழுப்பு இவற்றில் நிறைய. வாழ்நாள் குறைவு, உணவுச் சங்கிலியில் கீழே இருப்பவை என்பதால் பாதரசம் மிகக் குறைவு. டின் மத்தியை முள்ளோடு சாப்பிடலாம், கால்சியமும் கிடைக்கும். எண்ணெயில் இரண்டு உப்பிட்ட நெத்திலியைக் கரைத்து, பூண்டும் மிளகாயும் சேர்த்துப் பாஸ்தாவில் பிரட்டினால் நான்கு பேருக்கு அந்த இரண்டே போதும்.

மீனே கிடைக்காத நாளுக்கும் சிசிலியில் வழி வைத்திருக்கிறார்கள். மத்திப் பாஸ்தாவில் போடும் மற்றதையெல்லாம் போட்டு, மீனை மட்டும் விட்டுவிடுவது. அதன் பெயர் 'கடலிலேயே இருக்கும் மத்தியோடு பாஸ்தா'. இல்லாமையைக் கிண்டல் செய்ய இதைவிட நல்ல பெயர் கிடையாது.

இறைச்சியும் சீஸும் அறவே விட வேண்டுமா?

விட வேண்டாம், வேலையை மாற்றிக் கொடுங்கள். கால் கிலோ இறைச்சி ஆளுக்கு ஒரு துண்டாக வந்தால் இரண்டு பேருக்குத்தான் காணும். அதையே பீன்ஸ் பானையில் போட்டால் ஆறு பேருக்கு வாசனை. கெட்டி சீஸைத் துருவித் தூவுவது போதும். பார்மிஜானோவின் கெட்டித் தோலைத் தூக்கி எறியாமல் சூப்பில் போட்டு வேகவைத்து எடுத்துவிடலாம். கிரீஸில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ சபையின் விரதங்களை முழுதாகக் கடைப்பிடிப்பவர்களுக்கு வருடத்தில் சுமார் 180 முதல் 200 நாள் இறைச்சி, முட்டை, பால் கிடையாது. அந்தச் சமையல் பயறிலும் காயிலும் இவ்வளவு தேர்ந்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

காய்ந்துபோன ரொட்டி, பாஸ்தா... மாவுச்சத்து அதிகமாகிவிடாதா?

அளவைப் பார்க்க வேண்டும். இத்தாலிய வீட்டில் ஒருவருக்கு உலர்ந்த பாஸ்தா 80 கிராம் போல. உணவகத் தட்டில் வரும் மலை இல்லை. மீதி இடத்தைப் பயறும் காயும் நிரப்பும். முழுதானிய ரொட்டியும் உடைத்த கோதுமையும் கிடைத்தால் இன்னும் நல்லது.

காய்ந்த ரொட்டியைத் தூக்கி எறிவது அந்தச் சமையலில் கிட்டத்தட்டப் பாவம். இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்தில் அது பீன்ஸும் கருங்கோஸும் சேர்ந்த ரிபொல்லீத்தா சூப்பாகும், கோடையில் தக்காளியோடு பன்சனெல்லா சாலட் ஆகும். லெபனானில் ஃபத்தூஷ் சாலட். கிரீட்டில் பார்லி ரஸ்க்கை நனைத்துத் துருவிய தக்காளி வைத்தால் டாக்கோஸ். தென் இத்தாலியில் பிரெட் தூளை எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, சீஸ் வாங்க முடியாத நாளில் பாஸ்தாவின் மேல் தூவினார்கள். சீஸ் வீட்டில் இருந்தாலும் நான் இதைத்தான் தூவுவேன், அந்த மொறுமொறுப்புக்காக.

பாதாம், வால்நட் வாங்க முடியவில்லை என்றால்?

சூரியகாந்தி விதை, எள், நிலக்கடலை. ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கைப்பிடி போதும். உடைந்த வால்நட் மலிவாகக் கிடைத்தால் வாங்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் சிக்கு வாடை அடிக்கும்.

உடலுக்கு நல்லது என்பது உண்மையிலேயே நிரூபணமானதா?

வேறு எந்த உணவுமுறையைவிடவும் இதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது, ஆனால் கோணல் இல்லாத ஆதாரம் இல்லை. பெரிதாகப் பேசப்படுவது ஸ்பெயினில் 2003-இல் தொடங்கிய பிரெடிமெட் ஆய்வு. இதயநோய் அபாயம் உள்ள 7,447 பேர் அதில் இருந்தார்கள். இந்த உணவோடு கூடுதல் ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ பெற்றவர்களுக்கு, கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 சதவீதம் குறைவு என்று 2013-இல் வெளியிட்டார்கள். ஆட்களைக் குழுக்களாகப் பிரித்ததில் சில இடங்களில் முறை தவறியிருந்தது பிறகு தெரிந்தது. 2018-இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்று, கணக்கை மறுபடி போட்டு வெளியிட்டார்கள். முடிவு ஏறக்குறைய அதேதான். தடுக்கப்பட்டதில் பெரும்பங்கு பக்கவாதம்.

செலவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் குடும்பத்துக்கு வாரம் ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா விர்ஜின் எண்ணெய் அல்லது ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 30 கிராம் கொட்டைகள் இலவசமாகக் கொடுத்தார்கள். வீட்டில் அந்த அளவை எட்ட முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். வெண்ணெயும் பதப்படுத்திய இறைச்சியும் தட்டிலிருந்து இறங்கி, பயறும் காயும் ஏறினாலே நிறைய மாறும்.

எடை குறையுமா?

தானாகக் குறையாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. நார்ச்சத்து அதிகம் என்பதால் பசி தாமதமாக வரும், அது உதவும். குறைக்க வேண்டுமானால் ரொட்டியின் அளவில் கை வையுங்கள்.

உப்பு?

இந்தச் சமையலில் உப்பு ஒளிந்து வரும். ஆலிவ் காய், ஃபெட்டா என்ற கிரேக்க சீஸ், கேப்பர் என்ற பூமொட்டு, உப்பிட்ட நெத்திலி நான்கும் உப்பில் ஊறியவை. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் கீழே. இவற்றில் ஒன்று தட்டில் இருந்தால் சமைக்கும்போது உப்பு போடாமல் கடைசியில் ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபெட்டாவையும் கேப்பரையும் தண்ணீரில் ஊறவைத்தால் உப்பு இறங்கும்.

மொத்தமாகச் சமைத்தால் எத்தனை நாள் வைக்கலாம்?

வெந்த பயறு குளிர்பெட்டியில் மூன்று, நான்கு நாள். உறையவைத்தால் சில மாதம். ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, தண்ணீரோடு சேர்த்து உறையவையுங்கள். சோறு கலந்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்கு மாற்ற வேண்டும். வெளியிலேயே கிடந்தால் அதில் வளரும் கிருமியின் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

சிவப்பு வைன் இதில் ஒரு பகுதிதானே?

அங்கே சாப்பாட்டோடு குடிப்பது வழக்கம். அதற்காகப் பழக்கம் இல்லாதவர் தொடங்க வேண்டியதில்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. செலவுக் கணக்கிலும் முதலில் அடித்துவிட வேண்டியது இதைத்தான்.

யாராவது கவனமாக இருக்க வேண்டுமா?

மூன்று கூட்டத்தார். ஒன்று, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்கள். மத்திய தரைக்கடல் நாடுகளிலும் ஆப்பிரிக்கா, ஆசியாவின் பல பகுதிகளிலும் இது அதிகம். இவர்கள் ஃபாவா அவரை சாப்பிட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சோகையும் மஞ்சள் காமாலையும் வரலாம். எகிப்தின் ஃபூல், மொராக்கோவின் பிஸ்ஸாரா, தென் இத்தாலியின் ஃபாவா மசியல் எல்லாம் இந்த அவரையில் செய்பவை. அவர்கள் கொண்டைக்கடலைக்கு மாறிக்கொள்ளட்டும். இரண்டு, சிறுநீரக நோய் முற்றியவர்கள். பயறு, தக்காளி, கீரை எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு, அதனால் எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். மூன்று, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள். கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். கீரையை விட வேண்டும் என்பதில்லை. வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டு, அதைக் கூட்டப்போகும்போது முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனைத் தேதியை வாங்கிக்கொள்ள வேண்டும்.